சோக்கை மூடுவதா, திறப்பதா?

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியில் இருந்துகொண்டே கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குத் தொழில்நுட்ப எழுத்தாளராக வேலை செய்கிறேன். மென்பொருளை எப்படிப் பாவிப்பது என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் இங்கே அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்திலும் படிக்கிற பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இதெல்லாம் இப்ப ஏஐ எழுதுதே, இந்த வேலைக்கு வரலாமா?"

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது எனக்கும் பயம் பிடித்தது. நான் இரண்டு நாள் இருந்து எழுதும் முதல் வரைவை அது சில நிமிடங்களில் தருகிறது. அதை மட்டும் செய்து சம்பளம் வாங்கும் இடங்கள் சுருங்குகின்றன. புதியவர்கள் தொழில் பழகுவதே அந்தச் சின்ன வேலைகளில்தான். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

சரி, போன சிறுபோகத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெரியப்பா புதிதாகத் தண்ணீர் இறைக்கிற மிசின் வாங்கினார். கையேட்டில் தமிழ் இல்லை. தம்பி போனில் படமெடுத்து மொழிபெயர்த்துக் கொடுத்தான். "சோக்கை மூடவும்" என்று வந்தது. சோக் வேண்டாமாக்கும் என்று பெரியப்பா லீவரை மற்றப் பக்கம் தள்ளிவிட்டார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நொந்ததுதான் மிச்சம். "பிள்ளை, மூடித்தான் கிடக்கு, மிசின் பிடிக்குதில்லை" என்றார்.

சோக்கை மூடுவதென்றால் காற்று போகிற வழியை மூடுவது. குளிர்ந்து கிடக்கும் மிசினுக்குக் காற்றைக் குறைத்தால் எரிபொருள் கூடுதலாகப் போகும், அப்போதுதான் பிடிக்கும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் வரம்பில் நின்றவருக்கு அது நேரெதிராக விளங்கியது. நான் ஒரு மட்டையில், "தொடங்க முன் லீவரை இடப்பக்கம் தள்ளவும். மிசின் பிடித்ததும் மெல்ல வலப்பக்கம் கொண்டுவரவும்" என்று எழுதிக் கட்டிவிட்டேன். அடுத்தநாள் விடிய, இரண்டாம் இழுவையில் பிடித்தது.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ஓர் எளிய ஆங்கில விதிமுறை உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. அந்த ஒழுங்கைத் தமிழில் கொண்டுவர ஆட்கள் வேண்டும். மென்பொருளிலும் இதே கதைதான். இல்லாத ஒரு கட்டளையை ஏஐ இருப்பதுபோல் அழகாக எழுதிவிடும். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துப் பிடிப்பதில்தான் இப்போது என் பொழுது போகிறது. கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட், சாதாரண எழுத்திலேயே தலைப்பு, பட்டியல் எல்லாம் குறித்து எழுதுகிற மார்க்டவுன், இந்த இரண்டையும் கட்டாயம் பழகுங்கள்.

அப்புறம், வீட்டில் இருக்கிற மருந்தடிக்கிற டாங்கிக்கு ஒரு பக்கக் கையேடு எழுதுங்கள். அதைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை தயங்குகிற இடத்தில் உங்கள் வரியைத் திருத்துங்கள். நேர்முகத் தேர்வுக்கு அந்தப் பக்கத்தையும் கொண்டுபோங்கள். வணக்கம்.