ஒட்டும் முன் ஒன்பது நாள், ஒட்டிய பின் ஒரு நாள்

வணக்கம் நண்பர்களே. இதோ என் கையில் இருப்பது, சென்ற காணொளியில் கறுப்புப் பூச்சும் சப்பைப் பிளாஸ்டிக் பிடியுமாக நீங்கள் பார்த்த அதே சிறு கத்திதான். அலகின் நீளம் 8 சென்டிமீட்டர், முதுகின் கனம் 3 மில்லிமீட்டர். புது மரப்பிடியை ஒட்டி, அராவி, தேய்த்து முடித்தது நேற்று இரவு; அந்த மகிழ்ச்சி இன்னும் அடங்காததால் விடிந்ததும் விடியாததுமாகக் கேமராவை எடுத்து வைத்துவிட்டேன்.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய பிடி பலகை போலத் தட்டையாக இருந்தது. பத்து நிமிடம் மரம் செதுக்கினால் போதும், ஆள்காட்டி விரலின் அடியில் அதன் விளிம்பு பதிந்து சிவந்த கோடு விழும். அலகு நன்றாக இருந்தும் பிடி சரியில்லாததால் ஒரு கத்தி மூலையில் கிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

என்னை எரிச்சலூட்டும் மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கைக்கருவிகளால் மட்டும்’ என்று காணொளிக்குத் தலைப்பு வைத்துவிட்டு, இரண்டாவது நிமிடத்திலேயே சிலர் உப்புத்தாள் பட்டை சுழலும் இயந்திரமான பெல்ட் கிரைண்டரை ஓட்டுகிறார்கள். கிரைண்டர் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் பதம் ஏற்றிய, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய அலகை அதில் வைத்துப் பழக்கமில்லாதவர் அழுத்தினால், மெல்லிய கூர்ப்பக்கம் நொடிகளில் சூடேறிவிடும். எஃகு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் படரும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். கூர்ப்பக்கத்தில் அந்த நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. கையால் தேய்க்கும்போது இந்த அச்சமே இல்லை.

கறுப்புப் பூச்சை நீக்கியது பெரிய கதையில்லை. பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவி, காத்திருந்து, வழித்து எடுத்தேன். ஒன்றை விட்டுவிட்டேனே, எல்லாவற்றுக்கும் முன்னால் கூர்ப்பக்கத்தின் மேல் தடித்த நாடாவை இரண்டு சுற்று ஒட்டிக்கொள்ள வேண்டும். தேய்க்கும் கை வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து முதுகு. சாதாரண அரத்தை வைத்தால் அது கண்ணாடி மேல் ஓடுவது போல வழுக்கும். கத்தி அலகின் கடினம் பெரும்பாலும் ராக்வெல் என்ற கடின அளவுகோலில் 55-க்கும் 62-க்கும் இடையில் இருக்கும், அரமும் அதைவிடச் சற்றே கூடுதல்தான். அதனால் வைர அரத்தைப் பயன்படுத்தினேன். பிடியை அடுத்து, கட்டைவிரல் வந்து அமரும் 3 சென்டிமீட்டரை மட்டும் உருட்டிவிட்டு, முனைப் பக்கத்து முதுகை அப்படியே செங்கோணமாக விட்டிருக்கிறேன், ஏனெனில் தீ மூட்ட உதவும் தீப்பொறிக் கம்பியை உரச அந்தக் கூரிய விளிம்பு வேண்டும். பிறகு 220, 400, 600 என்று தண்ணீர் உப்புத்தாள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். குறுக்காகத் தெரியும் முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. இந்தப் பொறுமை இல்லாதவர்களின் அலகில்தான், வெளிச்சத்தில் திருப்பினால் பழைய கீறல்கள் எல்லாம் பல்லிளிக்கின்றன.

இது 1095 வகைக் கார்பன் எஃகு. இதில் நூற்றுக்கு 0.95 பங்கு அளவில் கார்பன் உண்டு, துருப்பிடிக்கும் சுபாவமும் உண்டு. ஆகவே எண்ணெய்ப்பசை போகக் கழுவி, வெதுவெதுப்பான வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். மேலே படியும் கரிப்பூச்சைத் துடைத்தால் அடியில் மழைமேகச் சாம்பல் நிறம் கிடைக்கும். சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவிவிட வேண்டும். உங்களுடையது துருப்பிடிக்காத எஃகு என்றால் இதைச் செய்து ஏமாறாதீர்கள். அதிலுள்ள குரோமியம் வினிகரை அண்டவிடாது.

இப்போது பிடிக்கு வருவோம். நான் எடுத்துக்கொண்டது ஈட்டி மரம். எனக்கு அதைவிடப் பிடித்த மரம் இல்லை. கருங்காலி அழகுதான், ஆனால் காய்ந்தால் வெடிக்குமோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். ஈட்டி மரத்தின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைத் தரும், முகக்கவசம் கட்டாயம். பிடிக்குள் போகும் இரும்புப் பகுதியான டேங்கில் ஏற்கெனவே 5 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு இருந்தன. வாங்கும்போதே இதைப் பார்த்து வாங்குங்கள், பதம் ஏற்றிய எஃகில் கைத்துளைப்பானால் துளை போடுவது நடக்கிற காரியம் இல்லை.

டேங்கின் இரு பக்கமும் ஒட்டப்போகும் இரண்டு மரப்பலகைகளில் முதல் பலகையை டேங்கோடு சேர்த்துக் கிளாம்பால் இறுக்கி, டேங்கின் துளையையே வழிகாட்டியாக வைத்துத் துளைத்தேன். ஒரு துளை போட்டதும், பலகை நகராமல் இருக்க, அதில் பித்தளைக் கம்பியைச் செருகிவிட்டுத்தான் அடுத்த துளையைப் போட வேண்டும். முதல் பலகைக்கு அப்படியே செய்தேன். இரண்டாவது பலகைக்கு, கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், செருகாமல் துளைத்துவிட்டேன். கிளாம்ப் எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியவே இல்லை. மூன்றையும் அடுக்கிக் கம்பியைத் தட்டினால், முதல் துளையில் போகிறது, இரண்டாவதில் பாதியில் முட்டி நிற்கிறது. அரை மில்லிமீட்டர் விலகல்! நகத்தின் கனம் கூட இருக்காது. அந்த அரை மில்லிமீட்டருக்காக மூன்று நாள் போயிற்று.

துளையை அரத்தால் அகட்டினால் கம்பியைச் சுற்றி இடைவெளி தெரியும். டேங்கின் துளையை அகட்டியும் பயனில்லை, இரண்டு பலகைகளின் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாதபோது கம்பி எப்படிப் போகும்? பலகையை வீசிவிடவும் மனம் வரவில்லை, இரண்டும் ஒரே கட்டையை நடுவில் அறுத்துப் பிரித்தவை, ரேகைகள் கண்ணாடியில் பார்த்தது போல் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. கடைசியில், மீந்த துண்டிலிருந்து ஒரு குச்சியைச் சீவி, 5 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்புத் தகட்டின் வழியே சுத்தியலால் அடித்து இறக்கி, உருண்டை முளையாக்கினேன். அதில் பசை தடவித் தவறான துளையை அடைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் முதல் துளையில் கம்பியைச் செருகிய பிறகே மறுபடி துளைத்தேன். இந்த முறை கம்பி டொக், டொக் என்று இரண்டே தட்டில் மறுபக்கம் தலையை நீட்டியது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யாமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதோ பாருங்கள், அருகில் காட்டுகிறேன்: பித்தளைப் பொட்டின் இடது ஓரத்தில் மெல்லிய பிறை போல ஒரு கருமை. அடைத்த முளையின் எச்சம் அதுதான். முளையில் மரத்தின் குறுக்குவெட்டு மேலே தெரிவதால், எண்ணெய் பட்டதும் கூடுதலாகக் கறுத்துவிட்டது.

பலகையின் உட்புறம் முழுத் தட்டையாக வேண்டும். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து அதன் மேல் தேய்த்து, டேங்கோடு சேர்த்து விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒரு கீற்று வெளிச்சம் கூட ஊடே வராத வரைக்கும் தேய்த்தேன்.

மிக முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. அலகைப் பார்த்தபடி இருக்கும் பலகைகளின் முன்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே, கடைசிப் பளபளப்பு வரை முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அந்த இடத்தில் அரமோ தாளோ பட்டால், அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த அலகில்தான் கீறல் விழும். இரண்டு பலகைகளையும் கம்பியில் கோத்து, ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அந்த வளைவைத் தேய்த்தால் இரு பக்கமும் ஒன்றுபோல அமையும்.

ஒட்டும் நாளில் டேங்கையும் பலகையையும் 80 எண் தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்தேன். ஈட்டி மரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால், துடைக்காமல் விட்டால் பசை பிடிக்காது. மெதுவாக இறுகும் எபாக்சிப் பசைதான் என் தேர்வு, ஐந்து நிமிடப் பசையை நான் நம்புவதில்லை. கிளாம்பை மூச்சுமுட்ட இறுக்காதீர்கள், பசை எல்லாம் வெளியே வழிந்து உள்ளே வறண்டுவிடும். முன்விளிம்பில் பிதுங்கிய பசையை அசிட்டோன் தொட்ட துணியால் அப்போதே துடைத்தேன். 24 மணி நேரம் கழித்துக் கிளாம்பைக் கழற்றினேன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் ஒரே நாளில், நேற்று. மர அரத்தால் மூலைகளை உடைத்து, சிறிது அராவுவது, கையில் பிடித்துப் பார்ப்பது, மீண்டும் அராவுவது என்று போயிற்று. சுண்டுவிரல் பக்கம் சற்றே பருமன், நடுவில் உள்ளங்கையை நிரப்பும் புடைப்பு, ஆள்காட்டி விரலுக்கு ஒரு சிறு பள்ளம். நேற்று இரவே கூர்ப்பக்கத்து நாடாவைப் பிரித்து, ஒரு குச்சியை எடுத்து இருபது நிமிடம் சீவினேன். விரலைப் பாருங்கள், கோடே இல்லை!

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் முதல் பூச்சு கொடுத்திருக்கிறேன். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்பட்டு, சுருட்டிய துணி தானே தீப்பற்றிக்கொள்ளும். என் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, வெளியே விரித்துப் போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு பூச்சு பாக்கி. அவை காய்ந்ததும் 1000 எண் கல்லில், கூரின் ஓரத்தில் மெல்லிய பிசிர் எழும்வரை சாணை பிடிக்கப்போகிறேன். அந்தக் காணொளியில் கம்பியின் டொக் டொக் சத்தம் இல்லாவிட்டாலும், கல்லின் சத்தத்தை முழுவதுமாகப் பதிவு செய்து போடுகிறேன்.