அட்டை தீர்ந்த மறுநாள்

தாய்மார்களே, பெரியவர்களே, கடலுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

பிரஷர் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் நம் குமரி மாவட்டத்துப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எனக்கு ஒண்ணும் செய்யல்லியே." ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்த நோயின் குணம். மேல் பிரஷர் 180 இருக்கிற ஆளும் விடியுமுன் முந்நூறு ரப்பர் மரம் வெட்டிவிட்டு வந்து, பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்.

உள்ளே நடப்பது வேறு. மூளையின் அடியில் ஓடும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து நூலளவு மெல்லிய கிளைகள் செங்குத்தாகப் பிரிந்து உள்ளே போகின்றன. கை, கால், முகத்தை அசைக்கும் நரம்புப் பாதைகள் அவற்றை நம்பி இருக்கின்றன. பெரிய குழாயின் அழுத்தம் அந்தக் கிளைகளில் நேராக இடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இடித்தால் சுவர் தடித்து வழி அடைபடலாம்; நைந்து வெடித்து மூளைக்குள் ரத்தம் கசியலாம். இரண்டையும் நாம் "வாதம் அடிச்சுப் போச்சு" என்றுதான் சொல்கிறோம். மேல் பிரஷர் 10 குறைந்தால் பக்கவாத ஆபத்து சுமார் கால் பங்கு குறைகிறது. மாத்திரை தொடரும்வரைதான் அந்தக் காவல்.

ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நம்மில் பலர் போடுவது ஆம்லோடிபின். அது உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அட்டை தீர்ந்த மறுநாள் பிரஷர் பார்த்தால் 130 இருக்கும். "பார்த்தீங்களா, குணமாயிட்டு" என்று வாங்காமல் விடுகிறார்கள். அந்த 130-ஐக் கொடுத்தது நேற்றுவரை போட்ட மாத்திரை. ஒரு வாரத்தில் அது வடிந்து, பிரஷர் பழைய இடத்துக்குப் போய்விடும். அப்போது யாரும் பார்ப்பதில்லை. திரும்பத் தொடங்கினாலும் முழுப் பலன் வர ஏழெட்டு நாள் ஆகும். அட்டினோலால், மெட்டோபுரோலால், குளோனிடின் போன்ற பிரஷர் மாத்திரைகள் இன்னும் மோசம்: திடீரென நிறுத்தினால் பிரஷர் துள்ளி ஏறும், நெஞ்சுவலியும் வரலாம்.

ஆகவே அட்டையின் கடைசி ஐந்து மாத்திரையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் கை போகும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே மாத்திரை இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு தருகிறார்கள்.

தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவை. 40 நாள் பயணத்துக்கு 40 மாத்திரை போதாது. காற்று, இஞ்சின் கோளாறு என்று கரை திரும்ப நாள் கூடும். பதினைந்து மாத்திரை கொண்ட அட்டை என்றால் நான்கு எடுங்கள். டெல்மிசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை ஈரத்தை இழுக்கும். அதைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டையோடு இரட்டைக் கவரில் கட்டி, போடும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள்.

காலை 7 மணி ஆம்லோடிபினை மறந்தால், மாலை 7-க்குள் நினைவு வந்ததும் போடலாம். அதற்குமேல் விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல் ஒன்று. நேற்றையதையும் சேர்த்து இரண்டு போடக்கூடாது. பரிசோதனைக்கு வெறும்வயிற்றில் ரத்தம் கொடுக்கணும் என்று பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. சர்க்கரை மாத்திரைக்குத்தான் அந்தத் தயக்கம், இதைத் தண்ணீரோடு போடலாம். கடும் வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும். அதை டாக்டர் சொல்லட்டும்.

ஆம்லோடிபினால் கணுக்காலில் நீர் வைக்கலாம். எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையால் வறட்டு இருமல் வரலாம். மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். கிட்னியைக் கெடுப்பது அடங்காத பிரஷர்தான். தொல்லையைச் சொன்னால் மாற்று மாத்திரை உண்டு. நிஜமாகப் பயப்பட வேண்டியது முட்டுவலிக்கு மருந்துக்கடையில் நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகைகளுக்கு. அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். கருவாட்டையும் ஊறுகாயையும் பற்றி உங்களுக்கே தெரியும்: ஒரு நாளுக்கு உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு சிறு கரண்டி.

வீட்டில் பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க, பேசாமல் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. வீட்டு அளவு தொடர்ந்து 135/85-க்குமேல் என்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்குத் திடீரென வாய் கோணினால், ஒரு கை தாழ்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. பத்து நிமிடத்தில் சரியானாலும் போக வேண்டும். அடுத்த இரண்டு நாள்தான் ஆபத்து மிகுந்த நேரம். எண்ணெய், கிழி, வர்மம் எல்லாவற்றிலும் நம் மாவட்டத்துக்குப் பெயர் உண்டு, ஆனால் இது அதற்கான மணிநேரம் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. பேச்சிப்பாறையிலிருந்து வருகிறவருக்கு அதில் வழிநேரமும் போகும். வாயில் தண்ணீர்கூட விடாதீர்கள், புரையேறும். பிரஷர் மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதும் வேண்டாம். அடைப்பு என்றால், மூளை ரத்தத்துக்கு ஏங்கும் நேரத்தில் அழுத்தத்தை இறக்குவது கேடு. கூடப் போகிறவர் இரண்டு விஷயம் கொண்டு போகவேண்டும்: அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளும், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரமும். தூங்கி எழும்போதே இழுத்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.