தொப்பி கழன்ற மைதானம்: ட்ரம் கோர் உடைகள் ஏன் மாறின?

[திரை: ராத்திரி நேர ஸ்டேடியம். வரிசையா நூற்றுக்கும் மேற்பட்ட தொப்பிகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் வெள்ளை இறகுக் கொண்டை.]

வணக்கம். இந்தப் படத்துல ஒரு முகமாவது அடையாளம் தெரியுதா பாருங்க. தெரியாது. தொப்பி விளிம்பு கண்ணை மறைக்குது, பட்டை தாடையை மறைக்குது. தெரியக் கூடாதுன்னுதான் இந்த உடையைத் தைச்சாங்க.

[திரை: அதே மாதிரி ஒரு மைதானம். வெறுந்தலையோட, உடம்போட ஒட்டின உடையில வாசிப்பவர்கள். ஒருத்தர் ட்ரம்பெட்டோட வளைந்த சறுக்குமேடையில வழுக்கி இறங்குறார்.]

இதுவும் அதே போட்டிதான். ஆனா இங்க முகம் தெரியுது, சிரிப்பு தெரியுது, வியர்வை கூடத் தெரியுது. முதல் படத்துக்கும் இதுக்கும் நடுவுல என்ன ஆச்சுங்கிறதுதான் இந்த வீடியோ.

முதல்ல பேர். ஆங்கிலத்துல எழுதுறப்போ கடைசியில ரெண்டு எழுத்து கூடுதலா நிக்கும், ஆனா சொல்றப்போ வெறும் கோர்தான். ட்ரம் கோர். அமெரிக்காவுல கோடைக்காலம் முழுக்க பஸ்ஸுல ஊர் ஊராப் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில படுத்து, பகல் பூரா வெயில்ல பயிற்சி பண்ணி, ராத்திரி மைதானத்துல வாசிக்கிற இளைஞர் குழுக்கள். பித்தளைக் கருவிகள் உண்டு, தாளக் கருவிகள் உண்டு, கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றுற கலர் கார்டு உண்டு. புல்லாங்குழல், கிளாரினெட் கிடையாது. போட்டிகளை நடத்துற டிசிஐ அமைப்பு 1971ல உருவாச்சு. முதல் சாம்பியன்ஷிப் 1972ல, விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர்ல. இப்போ இறுதிச்சுற்று இண்டியானாபோலிஸ்ல, லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல.

[திரை: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அணிவகுப்பு, கொடி, பியூகிள்.]

இந்தக் குழுக்கள் பலதை வளர்த்துவிட்டது போர்ல இருந்து திரும்பின சிப்பாய்களோட சங்கங்கள். அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ மாதிரி சங்கங்கள் பண உதவி பண்ணிச்சு, போட்டி நடத்திச்சு. அதனால பசங்க உடம்புலயும் பட்டாளத்து உடை ஏறிச்சு. நியூ ஜெர்சியில 1934ல தொடங்கின கேடட்ஸ் குழு, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்கள் மாதிரி உடுத்துச்சு. வயோமிங் மாநிலத்துல, காஸ்பர் ஊர்ல ஜிம் ஜோன்ஸ் 1957ல தொடங்கின ட்ரூப்பர்ஸ், குதிரைப்படைக்காரங்களோட நீலச் சட்டையையும் அகலமான தொப்பியையும் எடுத்துக்கிச்சு. மேடிசன் ஸ்கவுட்ஸும் சாண்டா கிளாரா வேன்கார்டும் ஒரு பக்கம் விளிம்பை மடிச்சுவிட்ட ஆஸ்திரேலியத் தொப்பியைப் போட்டுக்கிச்சு.

இதையெல்லாம் வெறும் அலங்காரம்னு நினைக்காதீங்க. அந்த உடை ஒரு அளவுகோல்.

[திரை: மார்பில் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டையின் நெருக்கக் காட்சி. பிறகு பேண்ட் பக்கவாட்டுக் கோடு.]

மைதானத்துல 5 கெஜ இடைவெளியில கோடு போட்டிருப்பாங்க. அடிப்படை நடையில ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு சரியா 8 காலடி. ஒரு காலடி 22.5 அங்குலம். பக்கவாட்டுல நடந்தாலும் மேல் உடம்பு பார்வையாளர் பக்கமே திரும்பி இருக்கணும். இப்போ மார்புல குறுக்கே அந்த வெள்ளைப் பட்டையைப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் தோள் கொஞ்சம் திரும்பினா, மேல உட்கார்ந்திருக்கிற நடுவருக்குப் பட்டை கோணலாத் தெரிஞ்சிடும். பேண்ட் கோடு கால் பிசகைக் காட்டிக்கொடுக்கும். உயரமான தொப்பியும் இறகும் குள்ளம் நெட்டைங்கிற வித்தியாசத்தைக் குறைச்சுக் காட்டும், ஆனா தலை ஆடினா இறகு நாலு மடங்கு ஆடும். நூறு பேரை ஒரே உடம்பாக் காட்டுறதும், அந்த உடம்புல ஒரு விரல் தப்பினா காட்டிக்கொடுக்கிறதும், ரெண்டுமே அந்த உடையோட வேலை. இவ்வளவு யோசிச்சுத் தைச்ச ஒரு துணியை என்னால மதிக்காம இருக்க முடியல.

அப்போ எல்லாரும் பட்டாளத்து உடையிலேயே இருந்தாங்களா? இல்ல.

[திரை: நீளமான மஞ்சள் கோட், அகலத் தொப்பி.]

இவங்க பிரிட்ஜ்மென். நியூ ஜெர்சி, பேயோன் ஊர்க்காரங்க. பாபி ஹாஃப்மேன் இயக்குநரா இருந்த 1970களின் பிற்பகுதியில, முழங்காலைத் தாண்டுற மஞ்சள் கோட்டும் அகலமான தொப்பியுமா வந்து நின்னாங்க. வில்லியம் டெல் இசையை வாசிச்சு முடிச்சதும் மொத்தக் குழுவும் மயக்கம் போட்ட மாதிரி தரையில சாயும். கூட்டம் எழுந்து நின்னு கத்தும். உடை சிரிக்கவைக்கலாம், கதை சொல்லலாம்னு அந்த மஞ்சள் கோட் அன்னைக்கே சொல்லிடுச்சு.

ஆனா உண்மையான மாற்றம் வந்த வழி வேற. அது கலர் கார்டு வழியா வந்துச்சு. குளிர்காலத்துல உள்ளரங்கத்துல கலர் கார்டுகள் தனியாப் போட்டி போட 1977ல டபிள்யூஜிஐ அமைப்பு உருவாச்சு. வாத்தியக் குழு கிடையாது, பதிவு செஞ்ச இசை, சின்ன அரங்கம், பக்கத்துலயே பார்வையாளர்கள். அங்க ராணுவ நடை மெல்ல நடனமா மாறிச்சு, உடையும் மேடை உடையா மாறிச்சு. அதே ஆட்கள் கோடையில மைதானத்துக்கு வந்தப்போ அந்தப் பழக்கத்தையும் கூட்டிட்டு வந்தாங்க. ரொம்ப வருஷம் ஒரே மைதானத்துல ரெண்டு காலம் நின்னுச்சு. வாசிக்கிறவங்க தொப்பியும் கோட்டுமா, கொடி சுழற்றுறவங்க அந்த வருஷக் கதைக்கு ஏத்த புது உடையில. இண்டியானாவோட ஸ்டார் குழு 1991ல பட்டம் வாங்கி, 1993க்கு அப்புறம் போட்டியை விட்டே வெளியேறி, மேடை நிகழ்ச்சிப் பக்கம் போச்சு. அதுல பிறந்த பிளாஸ்ட்ங்கிற நிகழ்ச்சி 2001ல, அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது வாங்கிச்சு.

அதுக்குள்ள வாசிக்கிறவங்க உடம்பும் மாறிட்டு இருந்துச்சு. நடந்தா மட்டும் போதாது. குனியணும், தரையில படுக்கணும், ஒருத்தரை ஒருத்தர் தூக்கணும், ஓடணும். தலையில டப்பா மாதிரி தொப்பியும், கை தூக்கினா இழுக்கிற கனத்த கோட்டும் இருந்தா இதெல்லாம் நடக்குமா? 100 மதிப்பெண்ணுல, நிகழ்ச்சி மொத்தமா ஏற்படுத்துற பொதுத் தாக்கத்துக்கு மட்டும் 40. உடைக்குன்னு தனி மதிப்பெண் கிடையாது. ஆனா உடை தடுக்கிற அசைவுக்கு மதிப்பெண் கிடைக்காதே.

[திரை: 2016. ப்ளூகோட்ஸ்.]

ஒஹாயோ மாநிலம், கேன்டன் ஊர்க்காரங்க. 1972ல தொடங்கினவங்க, போலீஸ்காரங்களோட நீலக் கோட்டுதான் பேருக்கே காரணம். அவங்க 2016ல தொப்பியையும் கோட்டையும் கழட்டி வச்சுட்டு, வெறுந்தலையோட, சறுக்குமேடைகளோட வந்தாங்க. 97.650 மதிப்பெண். முதல் முறையா சாம்பியன். பேருலயே கோட் இருக்கிற குழு கோட்டைக் கழட்டி ஜெயிச்சது! அடுத்த சில வருஷத்துலயே முன்னணிக் குழுக்கள் பெரும்பாலும் அதே பாதையில போயிடுச்சு.

இதைச் சாத்தியமாக்கினது துணி. பாலியஸ்டரோட ஸ்பான்டெக்ஸ் கலந்தா எல்லாப் பக்கமும் நீளும். சப்ளிமேஷன் அச்சுமுறையில டிசைனை முதல்ல தாள்ல அச்சடிச்சு, சூடு வச்சு அழுத்துவாங்க, மை ஆவியாகி நூலுக்குள்ளயே இறங்கிடும். தனியா வெட்டித் தைக்கிற பட்டை வேண்டாம், பொத்தான் வேண்டாம். தோள்ல நீலமாத் தொடங்கி இடுப்புல வெள்ளையாக் கரையுற நிறத்தை எம்பிராய்டரியில கொண்டுவர முடியாது, இதுல முடியும். கோடை வெயில்ல உடம்புக்கும் ஆறுதல். அந்தக் கனத்த கோட்டுக்குள்ள ஆகஸ்ட் மாசத்துல நின்ன பிள்ளைகளை நினைச்சா, இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றத்தை வரவேற்கலாம்.

[திரை: நெருக்கக் காட்சி. ஒரு கை தொப்பியில் இறகைச் செருகுகிறது.]

ஆனா இதையும் சொல்லணும். இறகை முன்னாடியே செருக மாட்டாங்க. கசங்காமப் பத்திரமா வச்சிருந்து, மைதானத்துல இறங்குறதுக்குச் சில நிமிஷம் முன்னாடிதான் ஒருத்தர் வரிசையா வந்து தொப்பியில செருகிட்டுப் போவார். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது. இப்போ அந்த நேரத்துல முகத்துக்கு மேக்கப் சரிபார்க்கிறாங்க, முடியைக் கட்டுறாங்க. அந்த அமைதி வேற, இது வேற.

இன்னொன்னு. பழைய கோட் பல வருஷம் இருந்துச்சு. போன வருஷம் ஒருத்தர் போட்டதை இந்த வருஷம் இன்னொருத்தர் இடுப்பைப் பிடிச்சுப் போட்டுக்குவார். இப்போ உடை பெரும்பாலும் ஒரே சீசனுக்கு. கதை முடிஞ்சா உடையும் முடிஞ்சுது. பச்சையும் மடிச்ச தொப்பியும் தெரிஞ்சாலே கேவலியர்ஸ்னு கடைசி வரிசையில இருந்தே சொன்ன காலம் உண்டு. இப்போ அறிவிப்பாளர் பேர் சொன்னாத்தான் தெரியும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அசைவுக்கு விடுதலை கொடுத்தது சரி, ஆனா குழுவோட நிறத்தையும் சின்னத்தையும் புது உடையில எங்கேயாவது வச்சுத் தைக்கிற குழுக்களைப் பார்த்தா என் மனசு அவங்க பக்கம்தான் போகுது.

[திரை: இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் மஞ்சள் கோட், வலது பக்கம் 2016 ப்ளூகோட்ஸ். ஒலி இல்லை.]

சத்தத்தை நிறுத்திட்டேன். இடது பக்கம் இறகையும் பட்டையையும் தேடாதீங்க, கோட்டு நுனி எப்படிச் சேர்ந்து ஆடுதுன்னு பாருங்க. வலது பக்கம் தோளை மட்டும் பாருங்க. ஒரு நிமிஷம் ஓடட்டும், அப்புறம் சத்தத்தைத் திறக்கிறேன்.