தெரியாதவர்கள் பேசினால் என்ன தெரியும்?

நடுவர் அவர்களே, வணக்கம். பாடம் மனதில் நிற்பது ஆசிரியர் நடத்தும்போதா, மாணவர்கள் கூடிப் பேசும்போதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடிப் பேசும்போதுதான் என்பது எங்கள் கட்சி. எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: "தெரியாதவன் தெரியாதவனோடு பேசினால் என்ன தெரியும்?" கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? ஒரு பையன் நான்கில் ஒன்றுதான் என்கிறான், நான்கு பெரிய எண்ணாயிற்றே. ஆசிரியர் "தப்பு" என்றால் அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்வான், ஆனால் அந்தக் காரணம் மண்டைக்குள் பத்திரமாக இருக்கும். பக்கத்தில் இருப்பவள், "அப்படின்னா நூறில் ஒன்று இன்னும் பெரிசா?" என்று கேட்கும்போதுதான் அது ஆட்டம் காணும். இத்தனைக்கும், கேட்டவளுக்கே விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை!

சும்மா சொல்லவில்லை. 2009ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது, கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் நடந்தது. முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சு, அப்புறம் அதே கருத்தில் இன்னொரு கேள்விக்கு மறுபடி தனியாக விடை. குழுவில் ஒருவருக்குமே முதலில் சரியான விடை தெரியாதபோதும் பேச்சு புரிதலைக் கூட்டுகிறது என்றுதான் முடிவு வந்தது. அண்ணன் கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது.

சத்தம் வரும் என்றார்கள். வரட்டும்.

ஒருவனே பேசுவான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்றார்களே, அது நியாயம். "பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்? 1971ல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதற்கு ஒரு வழி செய்தார், ஜிக்சா முறை என்பார்கள். பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிடுவது. ஒரே துண்டு கிடைத்த மாணவர்கள் வேறு வேறு குழுக்களிலிருந்து எழுந்து வந்து ஓரிடத்தில் கூடிப் பேசித் தெளிந்துகொண்டு, திரும்பிப்போய்த் தங்கள் குழுவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாயே திறக்காத பையனிடம்தான் அந்தப் பகுதி இருக்கிறது என்றால், வழக்கமாக அவனைக் கிண்டல் செய்கிறவனும் "டேய், சொல்லுடா" என்று காத்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தேர்வு முழுப் பாடத்திலும் வரும்.

கடைசியாக ஒன்று. எதிரணியினர் மேடையேறும் முன்பு ஓரமாக நின்று யார் எதைச் சொல்வது என்று வெகுநேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவர் அவர்களே. நீங்களும் பார்த்தீர்கள். மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன். நன்றி.