அவலா, ரவையா: சிலைக்கு ஏற்ற உலோகப் பொடி

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் ரெசின் வார்ப்புச் சிலைகள் செய்கிறேன். ரெசின் என்பது கூழாக இருந்து கல் மாதிரி இறுகும் பிளாஸ்டிக் பசை. வெண்கலத்தை உருக்க ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். எங்கள் வேலைக்கு உலையே வேண்டாம். ரெசினில் உலோகப் பொடியைக் குழைத்து ரப்பர் அச்சுக்குள் பூசி, இறுகியதும் எடுத்துத் தேய்க்கிறோம். இதில் முதலில் பார்க்க வேண்டியது பொடி.

ஒரு குடும்பத்துக்காகத் தாத்தாவின் மார்பளவுச் சிலை செய்தேன். கடையில் டப்பாவைத் திறந்ததுமே தங்கமாக மின்னிய ஒரு பொடியை வாங்கி வந்தேன். வார்த்து எடுத்து, நைஸான ஸ்டீல் வூலால் எவ்வளவு தேய்த்தும் பெயிண்ட் அடித்த மாதிரியேதான் இருந்தது. அது பெயிண்டுக்கான செதில் பொடி. அவல் மாதிரி தட்டையானது, தேய்த்தால் உலோகமாகத் துலங்காது. நமக்கு வேண்டியது உருக்கிய உலோகத்தைத் தெளித்து எடுத்த பொடி. அது ரவை மாதிரி மணிமணியாக இருக்கும். மேலே படிந்த ரெசின் தோலைத் தேய்த்து எடுத்தால் ஒவ்வொரு மணியும் வெட்டுப்பட்டு உள்ளிருக்கும் உலோகம் வெளியே தெரியும். அந்தப் பளபளப்புதான் நமக்கு வேண்டும்.

வாங்கும்போது ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். செதில் மேலே ஏடாக மிதக்கும், மணி அடியில் இறங்கும். டப்பாவைக் கையில் தூக்கியும் பாருங்கள். அப்ரகத்தில் நிறமேற்றிய பொடியும் தங்கம் போலவே மின்னும், ஆனால் கனமே இருக்காது. மணியின் அளவு 325 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 325 கண் உள்ள சல்லடையில் இறங்கும் சுமார் 44 மைக்ரான் இருந்தால் கண்ணிமை, நகம் போன்ற நுணுக்கமெல்லாம் பதியும்.

வெண்கலப் பொடி என்றால், அச்சில் முதலில் பூசும் கலவைக்கு எடையில் ஒரு பங்கு ரெசினுக்கு இரண்டு பங்கு பொடி போடுவேன். பின்புறத்துக்குக் கறுப்புச் சாயம் கலந்த வெறும் ரெசினே போதும், பணமும் மிச்சம். அலுமினியம் லேசானது, அதே எடைக்குப் போட்டால் கலவை கெட்டியாகிவிடும். அதன் தூசி தீப்பற்றும். அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எந்தப் பொடியானாலும் முகக்கவசம் கட்டாயம். செம்பு சில பாலியெஸ்டர் ரெசினோடு சேர்ந்தால் இறுகாமல் போகும்.

இரும்புப் பொடியில்தான் எனக்குத் தனி ஆசை. தேய்த்த பிறகு உப்புத் தண்ணீரைத் தெளித்து வைத்தால் துரு பூக்கும். இரும்புத் தாது கிடக்கும் கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் செம்பழுப்பு மேல் ஒரு உரிமையே உண்டு.

ஏற்காட்டில் வேலை செய்பவர்கள் டப்பாவை இறுக மூடி வையுங்கள். பனிமூட்டத்து ஈரத்தில் பொடி கட்டிதட்டி நிறம் மங்கிவிடும்.

அப்புறம் அந்தத் தாத்தா சிலையை மணிப்பொடியில் மறுபடி வார்த்தேன். தேய்க்கத் தேய்க்க மூக்கு நுனியும் கன்னமேடும் வெண்கலமாய்த் துலங்கின. தேய்ப்பு எட்டாத கண்குழியிலும் மீசை இழைகளுக்கு நடுவிலும் கருமை தங்கிவிட்டது. அந்தக் கருமையை நான் தொடவே இல்லை.