சிஸ்டைன் சேப்பல் கூரை: ஈரம் காயுறதுக்குள்ள வரைஞ்சாகணும்

வணக்கம் மக்களே. மைக்கேலாஞ்சலோ மல்லாக்கப் படுத்துக்கிட்டே வாட்டிகன்ல இருக்குற சிஸ்டைன் சேப்பல்ங்கிற தேவாலயத்தோட கூரைய வரைஞ்சாருன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சுத்தப் பொய். நின்னுக்கிட்டுதான் வரைஞ்சாரு, அதுக்கு சாட்சி அவரேதான், நண்பருக்கு எழுதுன கவிதையில கழுத்து வீங்கிருச்சு, தாடி வானத்தப் பாக்குது, தூரிகையிலேர்ந்து பெயிண்ட் மூஞ்சியில சொட்டுதுன்னு ஒரே புலம்பல், ஓரத்துலயே தலைக்கு மேல கையத் தூக்கி நின்னு வரையிற மாதிரி ஒரு படமும் கிறுக்கி வெச்சிருக்காரு.

(திரையில்: அந்தக் கிறுக்கல் படம்)

1508-ல போப் இரண்டாம் ஜூலியஸ் கூப்பிட்டு கூரைய வரைஞ்சு குடுன்னாரு. இவரோ நான் சிற்பி, பெயிண்டிங் என் தொழிலே இல்லன்னு நினைக்கிற ஆளு. போப் விடல. தரையிலேர்ந்து 20 மீட்டர் உயரம், நீளம் 40 மீட்டர். பிரமாண்டேன்னு ஒரு கட்டிடக் கலைஞர், கூரையில ஓட்டை போட்டு கயித்துல சாரம் தொங்கவிடலாம்னாராம், அப்புறம் அந்த ஓட்டைய எப்படி அடைக்கிறதுன்னு இவரு கேட்டுட்டு, சுவத்துலேர்ந்தே தாங்குற மாதிரி தானே ஒரு சாரம் கட்டுனாரு.

இப்ப முக்கியமான மேட்டர், ஃபிரெஸ்கோ. சுண்ணாம்போட எரிமலைச் சாம்பல் கலந்த சாந்த பூசணும், அது ஈரமா இருக்கப்பவே தண்ணியில குழைச்ச கலர வைக்கணும். பசையெல்லாம் வேணாம், ஏன்னா சுண்ணாம்பு காயுறப்ப காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்து திரும்ப கல்லாயிருது, கலர் உள்ளயே மாட்டிக்கும். சிக்கல் என்னன்னா சில மணி நேரம்தான் டைம். அதனால அன்னிக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூசுவாங்க, மிச்சப் பூச்ச வெட்டி எடுத்துருவாங்க, மறுநாள் அந்த ஓரத்துலேர்ந்து தொடரணும். இந்த ஒருநாள் துண்டுக்குப் பேரு ஜொர்னாட்டா. கிட்டப் போய் பாத்தா அந்த ஒட்டு இன்னிக்கும் தெரியும்.

அவுட்லைன் எப்படின்னு கேட்டா, பேப்பர்ல முழு சைஸ்ல வரைஞ்சு, கோடு நெடுக ஊசி ஓட்டை போட்டு, அத ஈரப் பூச்சு மேல வெச்சு, கோல அச்சுல மாவு தூவுற மாதிரி கரித்தூள் தட்டுவாங்க.

நோவாவோட வெள்ளம் காட்சி முடிஞ்சப்ப அதுல பூசணம் பூத்துருச்சு! அதான் இது என் வேலை இல்லன்னு சொன்னேனேன்னு போப்புகிட்டயே போய் நின்னாரு மனுஷன் (தப்பிக்க சான்ஸ் கிடைச்சுதுன்னு சந்தோஷமாவே போயிருப்பாருன்னு நான் நினைக்கிறேன்). சாந்துல தண்ணி ஜாஸ்தி, அவ்வளவுதான்னு ஜூலியானோ த சங்கால்லோங்கிற கட்டிடக் கலைஞர் கண்டுபிடிச்சு சொல்லவும் திரும்ப சாரம் ஏறவேண்டியதாப் போச்சு.

(திரையில்: வெள்ளம் காட்சி, பக்கத்துல ஆதாம் படைப்பு)

ரெண்டையும் பாருங்க. வெள்ளத்துல ஏகப்பட்ட பொடி ஆளுங்க, கீழேர்ந்து பாத்தா ஒண்ணும் புரியாது. போகப்போக ஆளுங்க கொறையுறாங்க, உருவம் பெருசாகுது, கையும் ஸ்பீடாகுது. கடைசிப் பக்கம், ஒளியையும் இருட்டையும் கடவுள் பிரிக்கிற காட்சி இருக்கு பாருங்க, அத ஒரே ஜொர்னாட்டாவுல முடிச்சுட்டாரு.