எலி மருந்தை எலி ஏன் மறுபடி தொடுவதில்லை?

நேயர்களே, வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "முதல் நாள் நாலு எலி சாகுது, அப்புறம் ஒண்ணுகூட மருந்துல வாய் வைக்கறதில்லைங்க." மருந்தில் கோளாறு இல்லை. பிழைத்த எலிகள் பாடம் படித்துவிட்டன.

புதுத் தீனியை எலி வயிறாரத் தின்னாது, கொறித்துப் பார்க்கும். நாம் வைக்கும் எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிவிடும். கொஞ்சமாகத் தின்ற எலிக்கு உடம்பு படுத்தும். எலிக்கு வாந்தி எடுக்கவும் வராது. பிழைத்துக்கொண்டால் அந்தச் சுவைப் பக்கமே போகாது.

1955-இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் கார்சியா, எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தண்ணீர் கொடுத்து, காமா கதிரால் அவற்றை நோயுறச் செய்தார். அதன்பின் அவை இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. 1966-இல் வந்த அவரது ஆய்வில், வெளிச்சத்தையும் ஓசையையும் எலிகள் நோய்க்குக் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, சுவையைத்தான் பிடித்துக்கொண்டன. தின்றதற்கும் நோவு வருவதற்கும் இடையில் சில மணி நேரம் கழிந்தாலும் இது பதியும். வாடை மட்டும் என்றால் பிடிப்பு குறைவு. சுவையோடு சேர்ந்தால் வாடையும் ஆழமாகப் பதிந்துவிடும்.

அதனால்தான், தீனி எலிக்குப் பழகட்டும் என்று, முதலில் மருந்தில்லாத தீனி வைக்கச் சொல்கிறோம். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மாலையில் வளைகளை மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பதில்தான் எலி இருக்கிறது. 980 கிராம் குருணையில் 20 கிராம் கடலை எண்ணெய் பிசறி, இரண்டு மூன்று நாள் அங்கே வையுங்கள். பிறகு 960 கிராம் குருணை, 20 கிராம் எண்ணெய், 20 கிராம் மருந்து. காகிதத்தில் பொட்டலமாக மடித்து, வளைக்குப் பத்து கிராம். குருணையும் எண்ணெயும் அதேதான் இருக்க வேண்டும். எண்ணெயை மாற்றினால் எலி மறுபடி கொறித்துப் பார்க்கத் தொடங்கும்.

ஈரம் பட்டாலே மருந்திலிருந்து வாயு கிளம்பும். திறந்த வெளியில், உலர்ந்த கையுறையோடு, குச்சியால் கிளறுங்கள். இந்த விஷத்தை முறிக்க மருந்து கிடையாது. மீந்ததை மறுநாளே பொறுக்கிக் குழி தோண்டிப் புதையுங்கள். கோழியும் நாயும் வரும். அதே மருந்தை உடனே திரும்ப வைப்பது வீண்.

தென்னைக்கு 0.005 சதவீத புரோமோடையலோன் கட்டிதான் நல்லது. இரத்தம் உறையாமல் போய் எலி சாகச் சில நாளாகும். அதற்குள் எதனால் வந்த நோவு என்று அதற்குத் தெரியாது. ஐந்து மரத்துக்கு ஒரு மரம், மண்டையில் பத்து கிராம் கட்டி. 12 நாள் கழித்து இன்னொரு முறை. எலி மட்டை வழியாகவே மரம் தாவுவதால் எல்லா மரமும் ஏற வேண்டியதில்லை. காம்போரம் துளை விழுந்த இளங்காய்களைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, அதன்பின் புதிதாக விழுவதை மட்டும் எண்ணி வாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பது அதில் தெரியும்.